மீனைத் தடுக்காத பத்தியம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு உடம்பு நோவு வந்தால் ஊர் முழுக்க யோசனை கேட்பார்கள். ஆட்டோக்காரனைக் கேட்பார்கள், பூக்காரியைக் கேட்பார்கள், போனில் எவனோ கையில் ஒரு பச்சை இலையைப் பிடித்துக்கொண்டு பேசினால் அவனையும் வாய் பிளந்து கேட்பார்கள். ஆனால் டாக்டரிடம் பொடியை மறைப்பார்கள், பொடிக்காரனிடம் மாத்திரையை மறைப்பார்கள். ஆள் சாய்ந்த பிறகு, யார் தள்ளிவிட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லி என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

அன்றைக்கு வந்து நின்றவள் பூவம்மா. அழுது முடித்த முகம். அழுது முடித்தவர்கள்தான் ஆபத்து. அடுத்தது ஏதாவது செய்துவிடுவார்கள்.

"என் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு நைனா. பிரஷர் எறங்கிகினே கீது. டாக்டருங்க ஊசி மேல ஊசி போட்டுகினு, 'அந்தப் பொடில இன்னா கீது, இன்னா கீது'ன்னு என்னைக் கேக்கறாங்கோ. எனக்கு இன்னா தெரியும்?"

"எந்தப் பொடி?"

"முட்டி வலிக்குத் துன்ன பொடி."

அவள் புருஷன் செங்குட்டுவன் எனக்குத் தெரிந்தவன்தான். கன்டெய்னர் யார்டில் வேலை. ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவன். ஒரு வருஷமாக ராயபுரம் தப்ரேஸின் நாட்டு மருந்துக் கடையில் முடவாட்டுக்கால் கிழங்குப் பொடி வாங்கித் தின்று, வாலிபன் போல ஓடிக்கொண்டிருந்தான். போன வாரம் திருவொற்றியூர் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் கார்குழலி அந்தப் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறாள். 'பேர் இல்லாத பொடி, இன்னையோட நிறுத்திடுங்க' என்று சொல்லியிருக்கிறாள். நிறுத்தினான். நாலைந்து நாளில் வாந்தி எடுத்து, யார்டிலேயே சுருண்டு விழுந்தான்.

"மருந்து துன்ன வரைக்கும் ஓடினாரு. அவ நிறுத்தச் சொன்னா, விழுந்துட்டாரு. இதுல கண்டுபிடிக்க இன்னா கீது?" என்றாள் பூவம்மா. "சாயங்காலம் ஸ்டேஷன்ல அவ பேர்ல எழுதிக் குடுக்கப் போறேன். ஏட்டய்யாதான் உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவ மொதலாளி பாஸ்கர் சாரே சாட்சி சொல்றேன்றாரு."

அதுதான் என் காதில் இடித்தது. சொந்தக் கடை ஆளுக்கு எதிராக, கூப்பிடாமலே சாட்சிக்கு வருகிற முதலாளியை நான் பார்த்ததில்லை.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. துறைமுகத்தில் கேட் காவல் பார்த்தவன். லாரிக்குள் என்ன இருக்கிறது என்று நான் குடைந்ததில்லை. ஓட்டி வருகிறவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்ப்பேன். நிறைய திருட்டுச் சரக்கு அப்படித்தான் என்னிடம் மாட்டியது.

"சாயங்காலம் வரைக்கும் கையெழுத்துப் போடாத," என்றேன்.

"அதுவரைக்கும் தெரு சும்மா இருக்கணுமே நைனா. பசங்க கல்லு பொறுக்கிகினு கீறாங்கோ."

சாவியோ ஆட்டோவைக் கிளப்பினான். ராயபுரத்து ஆள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், எனக்குத் துணையாகச் சுற்றுகிறவன். எண்ணெயில் உப்பிய பூரி போல முகம். வாய் மட்டும் மூடாது.

நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. எண்ணூர்ப் பக்கம் புகை மேலே போகாமல் அப்படியே தொங்கியது. கடல் காற்று நின்றுபோன நாள். அழுகிய முட்டை வாடை ஒன்று ஆட்டோவுக்குள் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

"நைனா, எனக்கும் முட்டி வலிதான்," என்றான் சாவியோ. "ஆனா நான் பொடி துன்றதில்ல. என் சம்சாரம் வெக்கிற மீன் கொழம்பே போதும். அதுக்கே முறிவு மருந்து தேடிகினு கீறேன்."

தப்ரேஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கடுக்காய், சுக்கு, அதிமதுர மூட்டைகளுக்கு நடுவே அவன் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அல்லா சத்தியமா நான் எதையும் கலக்கல பெரியவரே. வந்த பொட்டலத்தை வந்த மாதிரியே குடுத்தேன்."

"எங்கிருந்து வந்தது?"

"கொல்லிமலை வைத்தியர் ஒருத்தர். போன்லதான் பேசுவாரு. பார்சல் லாரி ஆபீசுக்கு வந்துடும்."

"மூஞ்சியப் பாத்துகிறியா?"

"இல்ல."

"பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி நாங்க போட்டோவாச்சும் கேப்போம் பாய்," என்றான் சாவியோ. "நீ ஊருக்கே மருந்து குடுத்துகினு கீறே."

நான் பத்தியம் என்ன என்று கேட்டேன். தப்ரேஸ் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போல ஒப்பித்தான்.

"காலைல ஒரு வேளை மட்டும். வயிறு நெறைய சாப்ட்டப்புறம்தான் போடணும். உப்பைக் கொறைக்கணும். அப்பப்போ சக்கரை பாத்துக்கணும். ஒரு நாள்கூட விடக் கூடாது. நிறுத்தறதா இருந்தா பட்டுனு நிறுத்தக் கூடாது. பாதியாக்கி, அப்புறம் கால் பங்காக்கி, மெதுவாத்தான் விடணும்."

"மீன்?"

"துன்னலாம்."

"கத்திரிக்காய்?"

"அதப்பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியே."

"எத்தினி மண்டலம் சாப்பிடணும்?"

"மண்டலக் கணக்கே இல்ல பெரியவரே."

நான் தின்ற நாட்டு மருந்து கொஞ்சமில்லை. எந்த வைத்தியனாக இருந்தாலும் முதல் வார்த்தை மீன் கூடாது, இரண்டாவது வார்த்தை கத்திரிக்காய் கூடாது. வெறும் வயிற்றில் தின்னச் சொல்வான். ஒரு மண்டலம் என்று கெடு வைப்பான், கெடு முடிந்ததும் நிறுத்தச் சொல்வான். இந்த வைத்தியன் தடுக்க வேண்டியதைத் தடுக்கவில்லை. எவனும் சொல்லாததை எல்லாம் சொல்லியிருக்கிறான்.

"பாய், இதை எப்படி இவ்வளவு சுத்தமா மனப்பாடம் பண்ணே?"

"அவரு விட்டாத்தானே. அவரு சொல்லி முடிச்சதும், 'இப்போ நீங்க திருப்பிச் சொல்லுங்க'ம்பாரு. ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடியும் சொல்லச் சொல்வாரு. மொதல் பார்சலே அதுக்கப்புறம்தான் அனுப்பினாரு."

"செங்குட்டுவனுக்கு இதெல்லாம் சொன்னியா?"

"சொன்னேனே. மெடிக்கல்ல வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணு சொன்னதும், என் பேச்சு காத்துல போயிடுச்சு."

"மிச்சப் பொடி?"

"விடிய காத்தால எல்லாத்தையும் கடல்ல கொட்டிட்டேன். யார்டு ஆளுங்க பாதிப் பேரு என்கிட்டதான் வாங்கறாங்கோ. வந்தவங்களுக்கெல்லாம் இனிமே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அப்போது அது எனக்கு நல்ல காரியமாகத்தான் பட்டது.

மெடிக்கல் ஷாப்புக்கு எதிரே பத்திருபது பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. சத்தம் போடுகிற கூட்டத்துக்கு நான் பயப்பட்டதில்லை. பேசாமல் நிற்கிற கூட்டம் வேறு. கடைக் கண்ணாடி ஒரு மூலையில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

உள்ளே கார்குழலி தனியாக நின்றாள். முப்பது வயது இருக்கும். கல்லுக்குப் பயந்து ஓடியிருக்கலாம், ஓடவில்லை. மூச்சிழுப்பு நோய்க்காரப் புருஷனுக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மாளிடம், டாக்டர் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலைல ஒரு வேளைதான்மா. சாப்பிட்டப்புறம் குடுங்க. உப்பு கம்மி பண்ணுங்க. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு. எங்க, இப்போ நீங்க திருப்பிச் சொல்லுங்க."

சாவியோ என் முழங்கையில் இடித்தான். "நைனா, பாய் கடைல கேட்ட அதே பாட்டு. பாடறவங்கதான் வேற."

அந்த அம்மாள் படி இறங்கும் வரை பொறுத்தேன். பிறகு கவுன்ட்டரில் கையை ஊன்றினேன்.

"கொல்லிமலை வைத்தியருக்கு இதைச் சொல்லிக் குடுத்தது நீதானா?"

அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரியாதது போல நின்றாள். தப்ரேஸ் ஒப்பித்ததை நானும் ஒப்பித்தேன். பாதியாக்கி, கால் பங்காக்கி என்று வந்தபோது அவள் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அது மூலிகைக்குச் சொல்றது இல்ல ஐயா. ஸ்டீராய்டுக்குச் சொல்றது. அந்தப் பொடியில மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்காங்க. ரொம்ப நாள் உள்ள போனா, உடம்பு தானா சுரக்கறதை விட்டுடும். அப்புறம் பட்டுனு நிறுத்தினா ஆளே சாஞ்சிடுவாங்க." அவள் குரல் இறங்கியது. "நான்தான் நிறுத்தச் சொன்னேன். எத்தனை நாளா சாப்பிடறீங்க, பசி அதிகமாச்சா, மூஞ்சி உப்பிச்சா, ஒண்ணுமே கேக்கல. மூலிகைன்னா நிறுத்தினா போச்சுன்னு நெனச்சுட்டேன்."

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். செங்குட்டுவன் பெயரைச் சொல்லி, பொடியில் என்ன இருக்கும் என்று தான் நினைப்பதைச் சொன்னாள், நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதையும் சேர்த்து. அந்தப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

சாவியோ என்னை ஓரமாக இழுத்தான். "அழுவுது நைனா."

"அழுகையெல்லாம் சாட்சி இல்ல. யோசிச்சுப் பாரு. பொடியைக் கலந்தவனுக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியும். பட்டுனு நிறுத்தினா ஆளு விழுவான், தன் குட்டு ஒடைஞ்சிடும்னு தெரியும். அவன் நிறுத்துன்னு சொல்லுவானா? இவ சொல்லிகிறா. அப்போ இவளுக்கு உள்ள இருந்தது தெரியாது."

"சரியா சொன்னவன் திருடன், தப்பா சொன்னவ யோக்கியம். நல்லா கீது உலகம்."

நான் கார்குழலியிடம் திரும்பினேன். "திருப்பிச் சொல்லுன்னு கேட்டியே, எல்லா மெடிக்கல்லயும் அப்படிக் கேப்பாங்களா?"

"எங்க ஐயா. மருந்தைக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. எங்க கடையில மட்டும்தான் இது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே பாஸ்கர் சார் சொல்லிக் குடுத்தாரு. மருந்தைக் குடுக்கறது பாதி வேலை, வாயால சொல்லிப் புரிய வெக்கறது மீதி வேலைன்னுவாரு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் சாவியோவின் காதில் கொஞ்சம் பேசினேன். அவன் வெளியே போனான்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு பாஸ்கர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு, தாழ்ந்த குரல். பின்னாலேயே பூவம்மா. ஏட்டு வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவு ஐயா, எது நியாயமோ அதைச் சொல்லுங்க," என்றார் பாஸ்கர் என்னிடம். "என் கடைப் பேரு கெட்டாலும் பரவாயில்ல. இந்தப் பொண்ணு அவசரப்பட்டுச் சொல்லிடுச்சு. படிப்பு இருக்கு, பக்குவம் இல்ல."

கார்குழலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் சாவியோ கதவில் மோதிக்கொண்டு உள்ளே வந்தான். முகமெல்லாம் தண்ணீர், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கவுன்ட்டரைப் பிடித்துத் தொங்கினான்.

"சார், கண்ணைக் கட்டிகினு வருது. ரெண்டு தபா வாந்தி. இன்னாவாச்சும் குடு சார்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் துன்னல சார். தப்ரேஸ் பாய் பொடிதான், ஒரு வருசமா. செங்குட்டுவன் கெடக்கறதப் பாத்துட்டு பயந்து நிறுத்திட்டேன்."

பாஸ்கர் அந்த உப்பிய முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"யாரு உங்களை நிறுத்தச் சொன்னது? பாதியாவது போட்டிருக்கணும். பட்டுனு விடக் கூடாதுன்னு சொல்லித்தானே..."

பேசும்போதே அவர் கை பின்னால் இருந்த அலமாரிக்குப் போய்விட்டது. தேடவில்லை, யோசிக்கவில்லை. ஒரு அட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கி, சாவியோவின் உள்ளங்கையில் வைத்தார். "இதைப் போடுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கார்குழலி அந்த அட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது ஸ்டீராய்டு. மூலிகைப் பொடியை நிறுத்தினவருக்கு இதை ஏன் குடுக்கறீங்க?"

பாஸ்கர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு யாருடைய கையோ போல.

"அவருக்கு மொதல்ல தண்ணி குடுங்க," என்றார் கடைசியில்.

சாவியோ நிமிர்ந்து மாத்திரையைக் கவுன்ட்டரில் வைத்தான். "எனக்கு வேணாம் சார். நான் பொறந்ததுல இருந்தே இந்த மூஞ்சிதான்."

பூவம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். கத்தவில்லை. "சாட்சி சொல்ல வர்றேன்னியே சார்," என்றாள். அவ்வளவுதான்.

பாஸ்கர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். "வலியில அழுதுகிட்டு வருவாங்க. டாக்டரைப் பாருங்கன்னா பார்க்க மாட்டாங்க. மாத்திரைன்னா கிட்னி போயிடும்னு பயப்படுவாங்க. மூலிகைன்னு சொன்னா வாயைத் திறப்பாங்க. அதான் அப்படிக் குடுத்தேன். எல்லா எச்சரிக்கையும் சொல்லித்தான் குடுத்தேன். ஒரு வார்த்தை விடல."

"உள்ள என்ன இருக்குன்ற வார்த்தையைத் தவிர," என்றாள் கார்குழலி.

ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். கூட்டத்தின் வழியாக அவரை அழைத்துப் போனபோதும் யாரும் கல்லை எடுக்கவில்லை. பாஸ்கரை அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் கண் இன்னமும் கடைக்குள் நின்ற பெண் மேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சரியான ஊசி போட்டு பிரஷர் ஏறுகிறதாம், செங்குட்டுவன் கண் திறந்து தண்ணீர் கேட்டானாம். பூவம்மா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

சாவியோ கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. வா நைனா, டீ சாப்டலாம்."

"பொறுங்க," என்றாள் கார்குழலி. "தப்ரேஸ் பாய் கடையில இப்போ அந்தப் பொடி கிடைக்குதா?"

"விடியகாலைலயே கடல்ல கொட்டிட்டான்," என்றேன்.

"எத்தனை பேர் சாப்பிட்டுட்டு இருந்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். யார்டு ஆட்கள் பாதிப் பேர். அத்தனை பேருக்கும் இன்று காலையிலிருந்து பொடி இல்லை. நல்ல காரியம் என்று நான் நினைத்தது எத்தனை பேரைச் சாய்க்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைப்படி இறங்கி, நேராக அந்தக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தப்ரேஸ் கடைப் பொடி சாப்பிட்டவங்க யாரும் சும்மா இருக்காதீங்க. அதுல ஸ்டீராய்டு இருக்கு. திடீர்னு நின்னா செங்குட்டுவனுக்கு ஆன மாதிரி ஆகும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க."

"போன வாரம் நிறுத்துன்னே," என்றான் முன்னால் நின்றவன். "இப்போ நிறுத்தினா விழுவேன்றே. நாளிக்கு இன்னா சொல்லுவே?"

"போன வாரம் சொன்னது தப்பு," என்றாள் அவள்.

தப்பு என்று ஒப்புக்கொண்டால் ஜனங்கள் நம்புவார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கூட்டம் இன்னும் இறுகியது. ஒருத்தன் காறித் துப்பினான். அப்போது கூட்டத்தின் பின்வரிசையில், மின் கம்பத்தைப் பிடித்து நின்றிருந்த, செங்குட்டுவனோடு போன வாரமே பொடியை விட்டிருந்த ஒரு யார்டு ஆள் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே வாந்தி எடுத்தான். யாரும் அவனைத் தொடவில்லை.

பூவம்மாதான் ஓடினாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "மரம் மாதிரி நின்னுகினு கீறீங்களே. அவ சொன்ன ஊசியிலதான் என் வூட்டுக்காரரு கண்ணு தொறந்துகிறாரு. தூக்குங்கடா இவனை."

இரண்டு பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சாவியோ பேச்சில்லாமல் ஆட்டோவைத் திருப்பினான்.

கார்குழலி என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னா கேப்பாங்க ஐயா. நான் சொல்றது உண்மைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அவளை நன்றாகப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணு சொல்லு. ஒரே கடைல வருசக்கணக்கா அந்தாள் பக்கத்துல நின்னுகிறே. இவ்ளோ மாத்திரை வந்துது, அரைக்கப் போச்சு. உன் கண்ணுல ஒண்ணுகூட படலியா?"

"வாங்கற சரக்கெல்லாம் அவர் கையில ஐயா. கவுன்ட்டருக்கு வர்றதுதான் எனக்குத் தெரியும்."

சட்டென்று வந்த பதில். உண்மையாகவும் இருக்கலாம். பாஸ்கரும் தன் நியாயத்தைத் தாழ்ந்த குரலில் தடுமாறாமல்தான் சொன்னார்.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "பொடி துன்னவன் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போங்கடா. யாரையும் நம்ப வேணாம். அங்க ஆட்டோல சுருண்டு கெடக்கறானே, அவனைப் பாத்துட்டுப் போங்க."

அதற்கு ஐந்தாறு பேர் அசைந்தார்கள். ஒருத்தன் வீட்டுக்குப் போன் போட்டான். கார்குழலி ஒவ்வொருத்தரிடமும் போய், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லவைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, ஏறு. ஒரு ஆளுக்கு எடம் கீது," என்று சாவியோ கூப்பிட்டான். "அந்தப் பொண்ணு நல்லதுதான் செஞ்சிகினு கீது. இன்னும் இன்னாத்துக்கு மொறைச்சுகினு கீறே?"

"அந்த எடத்துல நோயாளியை ஏத்து," என்றேன். அவள் எதையாவது சொல்லாமல் விட்டாளா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அவள் பக்கம் திரும்பாமல், லாரிகளுக்கு இடையில் புகுந்து நடந்தேன்.